ஐல் ராயல் ஓநாய்கள்: தலைக்கணக்கில் தெரியாமல் போன சரிவு

சுப்பீரியர் ஏரியின் வடமேற்குப் பகுதியில் இருக்கும் ஐல் ராயல் தீவு, நிர்வாகத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. பரப்பு 540 சதுர கிலோமீட்டருக்கு அருகில் வரும். மிக அருகிலுள்ள கரைக்கும் தீவுக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் நீர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் அங்கே குடியேறின. 1940களின் இறுதியில், ஏரி உறைந்திருந்த ஒரு குளிர்காலத்தில், ஓநாய்கள் பனியின்மேல் நடந்துவந்து சேர்ந்தன. தீவு தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே வேட்டை இல்லை. ஓநாய்களோடு போட்டியிட வேறு பெரிய ஊனுண்ணி இல்லை. பீவர்களை விட்டால் மூஸ் மான்தான் அவற்றின் உணவு. 1958இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்டு ஆலன் தொடங்கிய ஆய்வு, பின்னர் ரால்ஃப் பீட்டர்சன், ஜான் வூசெடிச் ஆகியோரின் பொறுப்புக்கு வந்து இன்றும் தொடர்கிறது. குளிர்காலந்தோறும் சிறு விமானத்தில் பறந்து ஓநாய்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கோடையில் எலும்புகளையும் எச்சங்களையும் (மலத்தையும்) சேகரித்தார்கள். ஊனுண்ணிக்கும் இரைக்கும் உள்ள உறவை அறியத் தொடங்கிய இந்த வேலை, ஒரு சிறிய உயிரித்தொகை (ஓரிடத்தில் வாழும் ஓரின விலங்குகள் அனைத்தும்; சுருக்கமாகத் தொகை) மரபணு வழியில் எப்படிக் குலைகிறது என்பதற்கு உலகில் கிடைக்கும் மிக விரிவான சான்றுகளுள் ஒன்றாக ஆகிவிட்டது.

சிறிய தொகைகள் அற்றுப்போவதற்கு மரபணுப் பன்மை, அதாவது மரபணு வடிவங்களின் வேறுபாடு, குறைவதுதான் காரணமா, அல்லது நோயும் விபத்தும் வாழிட இழப்பும் முன்னதாகவே காரியத்தை முடித்துவிடுகின்றனவா என்பது பாதுகாப்பு உயிரியலில் நெடுநாள் வழக்கு. 1988இல் உயிரியலாளர் ரஸல் லேண்டி இரண்டாவது தரப்புக்கு வலுவான வாதத்தை முன்வைத்தார். 2004இல் ஸ்பீல்மன் குழுவினர், அச்சுறுத்தலுக்குள்ளான 170 உயிரினங்களை அவற்றின் நெருங்கிய, அச்சுறுத்தல் இல்லாத உறவினங்களோடு ஒப்பிட்டு, 77 விழுக்காடு இணைகளில் அச்சுறுத்தலுக்குள்ளான இனத்துக்கே மரபணுப் பன்மை குறைவாக இருந்தது என்று காட்டினர். பெரும்பாலான இனங்கள் மரபணு பாதிப்பைச் சந்திக்கும் முன்பே போய்விடுவதில்லை என்பது அதன் பொருள். ஐல் ராயல் நிகழ்வை இந்த வழக்கின் ஒரு தரப்புக்குச் சாட்சியாக அழைப்பவர்கள் உண்டு. நான் அதை வேறு காரணத்துக்காக முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே ஆண்டுதோறும் துல்லியமாக எடுக்கப்பட்ட தலைக்கணக்கு, 1997இல் நடந்த மரபணு மீட்பையும் (வெளியிலிருந்து புதிய மரபணு வந்து தொகை வலுப்பெறுவதையும்) காட்டவில்லை. அதைத் தொடர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் உள்ளே நடந்துகொண்டிருந்த சீர்குலைவையும் காட்டவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோல் தலைக்கணக்குதான்.

எத்தனை ஓநாய், எத்தனை பெற்றோர்

ஒரு தொகையில் எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்பதைவிட, அவற்றுள் எத்தனை அடுத்த தலைமுறைக்குத் தம் மரபணுவைக் கொடுக்கின்றன என்பதே மரபணுப் பன்மையைத் தீர்மானிக்கிறது. ஓநாய்க் கூட்டமொன்றில் பொதுவாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே குட்டி ஈனுகின்றன. மற்றவை அவற்றின் வளர்ந்த பிள்ளைகள். ஆகவே மூன்று கூட்டங்களாகப் பிரிந்து வாழும் 24 ஓநாய்கள் என்றால், பெற்றோராக இருப்பவை ஆறுதான். அந்த ஆறும் ஒன்றுக்கொன்று உறவு என்றால், கணக்கு இன்னும் சுருங்கும். இப்படிச் சுருக்கிப் பெறும் எண்ணைப் பயனுறு தொகை என்கிறார்கள். ஐல் ராயல் ஓநாய்களுக்கு அது ஏறத்தாழ 4 என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

மரபியலாளர் சீவால் ரைட் வகுத்துத் தந்த விதியின்படி, மரபணுப் பன்மை ஒவ்வொரு தலைமுறையிலும் பயனுறு தொகையின் இருமடங்கில் ஒரு பங்கு குறைகிறது. பயனுறு தொகை 4 என்றால் தலைமுறைக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு. ஐந்து தலைமுறைகளில், ஓநாய்க்கு அது இருபது ஆண்டுகள் அளவே, பன்மையில் பாதி போய்விடும். பயனுறு தொகை 500ஆக இருந்திருந்தால் அதே காலத்தில் அரை விழுக்காடுதான் போயிருக்கும். இந்த இழப்பு எந்த ஓநாயையும் கொல்வதில்லை. எந்த மரபணு வடிவம் தங்கும், எது மறையும் என்பதைத் தற்செயல் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். 1991இல் ராபர்ட் வேய்ன் குழுவினர் தீவின் ஓநாய்களை ஆராய்ந்தபோது, எல்லாமே ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை என்பதும், கரையிலுள்ள ஓநாய்களிடம் இருந்த மரபணுப் பன்மையில் பாதி அளவே அவற்றிடம் எஞ்சியிருந்தது என்பதும் தெரிந்தன. மேலே போட்ட கணக்குக்கு இது முரணானதல்ல.

பன்மை குறைவது ஒன்று. உறவுக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுடைய விலங்குகள் இணைசேர்வது, விளைவிக்கும் கேடு மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுவது வழக்கம் என்றாலும், இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும். எந்த விலங்கின் உடலிலும், ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாத, இரு பிரதிகள் சேர்ந்தால் கேடு செய்கிற மரபணு வடிவங்கள் பல ஒளிந்திருக்கும். பெரிய தொகையில் இவை அரிதானவை என்பதால் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே கெட்ட வடிவம் வந்து சேர்வது அரிது. பெற்றோர் இருவருக்கும் பொது முன்னோர் இருந்தால் அந்த அரிய சந்திப்பு எளிதாகிவிடுகிறது. 1979இல் கேத்ரின் ரால்ஸ் குழுவினர் விலங்குக்காட்சிச் சாலைப் பதிவேடுகளைப் புரட்டி, குளம்புள்ள 16 இனங்களில் 15இல் உறவுக்கலப்பில் பிறந்த குட்டிகள் மற்றவற்றைவிட அதிகமாக இறந்தன என்று கண்டறிந்ததிலிருந்து, இதை ஆய்வக ஊகம் என்று யாரும் ஒதுக்க முடிவதில்லை. காட்டு உயிர்களிலும் இது நடக்கிறது. 1998இல் சக்கேரி குழுவினர் பின்லாந்தின் ஆலந்துத் தீவுகளில் 42 சிறு வண்ணத்துப்பூச்சித் தொகைகளை ஆராய்ந்தார்கள். ஓராண்டில் அவற்றுள் ஏழு அற்றுப்போயின. எவை போகும் என்பதில் காணப்பட்ட வேறுபாட்டில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உறவுக்கலப்பால் விளக்கப்பட்டது.

முதல் வீழ்ச்சியும் ஏறாத எண்ணிக்கையும்

1980இல் தீவில் 50 ஓநாய்கள் இருந்தன. அதுவரை எண்ணப்பட்டதிலேயே அதுதான் உச்சம். 1982இல் 14. நடுவே, நாய்களிடம் பரவும் பார்வோ வைரஸ் தீவுக்கு வந்துவிட்டிருந்தது. தடையை மீறி யாரோ அழைத்துவந்த வளர்ப்பு நாயோடு அது வந்ததாகக் கருதப்படுகிறது. சிறிய தொகை ஒன்றை ஒரு புறக்காரணம் எப்படி ஒரே அடியில் நான்கில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மரபணுவுக்கு இதில் பங்கு இருந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததுதான். மூஸ் மான்களின் எண்ணிக்கை தொடர்ந்து ஏறி, 1990களின் நடுவில் 2,400 அளவுக்குப் போனது. இரை இவ்வளவு பெருகியும் ஓநாய்களின் எண்ணிக்கை பல ஆண்டுகள் 12, 13, 15 என்ற அளவிலேயே நின்றது. உணவுக்குப் பஞ்சமில்லாத ஊனுண்ணி ஏன் பெருகவில்லை என்ற கேள்விதான் மரபணுவின் பக்கம் ஆய்வாளர்களைத் திருப்பியது. அதுவரை ஓநாய்களைத் தொடாமலே ஆராய்ந்தவர்கள், 1988 முதல் அவற்றைப் பிடித்து ரத்தமெடுத்து ரேடியோ பட்டை மாட்டத் தொடங்கினார்கள்.

பனிமேல் வந்த ஓர் ஆண்

1997ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் ஆண் ஓநாய் உறைந்த ஏரியைக் கடந்து தீவுக்கு வந்தது. வந்தது யாருக்கும் தெரியவில்லை. பின்னர் எம்-93 என்று எண்ணிடப்பட்டு, வெளிறிய நிறத்துக்காகச் செல்லப்பெயரும் பெற்ற அது வெளியாள் என்பது, சேகரித்து வைத்திருந்த எச்சங்களின் டி.என்.ஏ. ஆராயப்பட்ட பிறகே, பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட தாமதத்துடன், உறுதியானது. 2011இல் ஜெனிஃபர் ஆடம்ஸ் குழுவினர் வெளியிட்ட கட்டுரை அந்த வரலாற்றைத் தலைமுறை வாரியாகக் கட்டி நிறுத்தியது.

எம்-93 தீவின் ஓநாய்களைவிடப் பெரியது. எல்லைச் சண்டைகளில் அதன் கூட்டம் மற்றவற்றை ஒதுக்கியது. அது 34 குட்டிகளுக்குத் தந்தையானது. அதன் வாரிசுகள் உறவுக்கலப்பு குறைந்தவையாக இருந்தன. தாமும் வெற்றிகரமாகப் பெருகின. இரண்டரைத் தலைமுறைக்குள் தீவில் இருந்த ஒவ்வோர் ஓநாயும் அதன் வழிவந்ததாகிவிட்டது. மொத்த மரபணுவில் பாதிக்கும் மேல் அந்த ஓர் ஆணுடையதாக ஆயிற்று. இயற்கையில் நடந்த மரபணு மீட்பு என்று எந்த அளவுகோலாலும் இதைச் சொல்லலாம்.

ஆனால் தலைக்கணக்கைப் பாருங்கள். 1997இல் 24, அடுத்த ஆண்டு 14, பின்னர் 25, 29, 19, 17, 19. 2004 முதல் 2006 வரை 29, 30, 30. புதிய ரத்தம் வந்து சேர்ந்ததற்கான தடயம் இந்த வரிசையில் எங்கேயும் கண்ணில் படாது. காரணம் எளிது. 1996இன் கடுங்குளிரிலும் உண்ணித் தொல்லையிலும் மூஸ் மான்கள் 2,400இலிருந்து 500 அளவுக்குச் சரிந்திருந்தன. இரை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த காலத்தில் ஓநாய்கள் குறையாமல் நின்றதே மீட்பின் பலன். அது நிகழாதிருந்தால் 1990களின் இறுதியிலேயே கதை முடிந்திருக்கலாம். பலன் இருந்தது, அது எண்ணிக்கை உயர்வாக வெளிப்படாமல், நிகழாமல் போன ஒரு வீழ்ச்சியாக இருந்ததால் கணக்கில் ஏறவில்லை. ஓர் உயிரித்தொகையின் நலத்தை எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் படிப்பவர்களுக்கு இந்த வகைப் பலன் எப்போதும் தப்பிவிடும்.

வந்த ஒரே ஓநாய் இவ்வளவு வெற்றி பெற்றதிலேயே அடுத்த கேடு இருந்தது. முதல் இணை இறந்தபின் எம்-93 தன் மகளோடு இணைசேர்ந்து மேலும் பல குட்டிகளைப் பெற்றது. அது 2006இல் இறந்தபோது, அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்களுக்குள்ளேயே இணைதேட வேண்டியிருந்தது. உறவில்லாத ஓநாய் தீவில் ஒன்றுகூட இல்லை. அது கரையிலிருந்து சுமந்துவந்த கெட்ட வடிவங்கள், தன் உடலில் ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருந்தவை, இப்போது இரு பிரதிகளாகச் சேரத் தொடங்கின. ஓரிரு தலைமுறை கிடைத்த நன்மை இப்படிக் கரைந்தது.

எலும்புகள் சொன்னது

எண்ணிக்கை மறைத்ததை எலும்புகள் மறைக்கவில்லை. ஸ்வீடன் ஆய்வாளர் ஜானிகே ரைக்கொனென், தீவில் நாற்பது ஆண்டுகளாகச் சேகரிக்கப்பட்ட ஓநாய் எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார். 58 விழுக்காட்டு ஓநாய்களுக்கு முதுகெலும்பில் பிறவிக் குறைபாடு இருந்தது. முதுகெலும்பு இடுப்போடு சேருமிடத்தில் வரும் ஒரு குறிப்பிட்ட குறைபாடு, உறவுக்கலப்பில்லாத தொகைகளில் நூற்றில் ஒன்று என்ற அளவில் காணப்படுவது, இங்கே மூன்றில் ஒரு பங்கு ஓநாய்களிடம் இருந்தது. காலம் செல்லச் செல்ல விகிதம் உயர்ந்தது. நாய்களில் இதே குறைபாடு பின்னங்கால் நரம்புகளை அழுத்தி வலியையும் தள்ளாட்டத்தையும் கொடுப்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்ததுதான். தன்னைவிடப் பத்து மடங்கு எடையுள்ள மூஸைத் துரத்திப் பிடிக்கும் விலங்குக்கு அது சிறிய குறை ஆகாது. எனினும் இந்தக் குறைபாட்டையே சாவுக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்வதைவிட, கண்ணுக்குத் தெரியாத வேறு பல குறைகளும் சேர்ந்தே வந்திருக்கும் என்பதற்கான வெளி அடையாளமாகக் கொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

2019இல் ஜாக்லின் ராபின்சன் குழுவினர் தீவு ஓநாய்களின் முழு மரபுத்தொகுதியைப் படித்தபோது, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த பிரதிகள் வேறுபாடே இல்லாமல் ஒத்திருக்கும் நீண்ட பகுதிகள் குரோமோசோம்களில் பரவிக் கிடப்பதைக் கண்டனர். அண்மைக் கால உறவுக்கலப்பின் கையெழுத்து இது. தீவு ஓநாய்கள் கரை ஓநாய்களைவிட அதிகமான கெட்ட வடிவங்களைச் சுமந்து நலியவில்லை. கரையில் ஒற்றைப் பிரதியாக மறைந்திருப்பவை இங்கே இரட்டைப் பிரதிகளாகச் சேர்ந்து வெளிப்பட்டன என்பதுதான் அவர்களது விளக்கத்தின் சாரம். நெடுங்காலம் பெரிய தொகையாக இருந்து, திடீரெனச் சிறுத்தவற்றுக்கே இந்த ஆபத்து மிகுதி.

முடிவு எப்படி வந்தது

2009இல் 24 ஓநாய்கள். 2010இல் 19, 2011இல் 16, 2012இல் 9. அந்தக் கடைசிச் சரிவில் ஒரு பகுதிக்குப் பழைய சுரங்கக் குழி ஒன்று காரணம்: நீர் நிரம்பிய அந்தக் குழியில் மூன்று ஓநாய்கள் விழுந்து இறந்து கிடந்தன, அவற்றுள் இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்த ஆணும் ஒன்று. மரபணுவா விபத்தா என்று வழக்காடுபவர்களுக்கு இந்தக் குழி ஒரு சோதனை. ஐநூறு ஓநாய்கள் உள்ள காட்டில் மூன்று குழியில் விழுந்தால் அது ஒரு செய்தி. பதினாறில் மூன்று விழுந்தால் எஞ்சியவற்றுள் உறவில்லாத இணை கிடைக்கும் வாய்ப்பு மேலும் குறைந்து, உறவுக்கலப்பு மிகுந்து, குட்டிகள் குறைந்து, அடுத்த விபத்து மேலும் சிறிய தொகையின்மீது விழுகிறது. 1986இல் கில்பினும் சூலேயும் அழிவுச் சுழல் என்று விவரித்தது இதைத்தான். 2012இல், ஆய்வு தொடங்கிய பிறகு முதன்முறையாக, ஒரு குட்டியும் பிறந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை.

கடைசிப் புகலிடமான பனிப்பாலமும் அரிதாகிக்கொண்டிருந்தது. 1960களில் பெரும்பாலான குளிர்காலங்களில் ஏரி கரைவரை உறைந்தது; வெப்பநிலை உயர்ந்ததால் பிற்காலத்தில் அது எப்போதாவது நடப்பதாகிவிட்டது. 2014இல் நல்ல பனிப்பாலம் அமைந்தது. வெளியிலிருந்து ஓர் ஓநாய் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, உள்ளிருந்து ஒரு பெண் ஓநாய் வெளியேறிப்போய் மினசோட்டா கரையில் இறந்து கிடந்த செய்திதான் கிடைத்தது. அதன் உடலில் காற்றுத்துப்பாக்கிக் குண்டு இருந்தது.

அதே 2014இல் பூங்கா நிர்வாகம் ஒரு முடிவை அறிவித்தது: இனப்பெருக்கம் செய்யும் தொகை இருக்கும்வரை வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவருவதில்லை. தீவின் பெரும்பகுதி சட்டப்படி காட்டுநிலமாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே மனிதக் கை படக்கூடாது என்ற நெறி அந்த முடிவின் பின்னால் இருந்தது. அந்த நெறியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாய் வழியாக வந்த வைரஸும், மனிதர் தோண்டிய குழியும், உறையாத ஏரியும் வினை புரிந்த இடத்தில் கை படவில்லை என்று சொல்வதற்கு அதிகமில்லை. அதைவிடப் பெரிய குறை, முடிவு நின்ற அளவுகோலில் இருந்தது. குட்டி பிறக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துச் செயல்படுவது என்றால், குட்டி பிறப்பு நின்றபின்தான் செயல்பட வேண்டிவரும். உறவுக்கலப்பு முற்றிய தொகையில் அதற்குப்பின் மீட்க எதுவும் இருக்காது. அப்போது செய்வதற்குப் பெயர் மறு அறிமுகம்.

2015இல் தீவில் மூன்று ஓநாய்கள் எஞ்சின. இரண்டு வளர்ந்தவை, மூன்றாவது, வாலும் உடல்வாகும் இயல்பாக இல்லாத ஓர் இளையது. அடுத்த ஆண்டு அது காணப்படவில்லை. மீதமிருந்த ஆணும் பெண்ணும் தந்தையும் மகளும் ஆவர்; இருவருக்கும் தாய் ஒன்றே என்பதால் ஒருதாய் மக்களும் ஆவர். முன்னோர்களுக்குள் வேறு எந்த உறவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த இணைக்குப் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்புக் குணகம் (ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 0.375 வரும். உடன்பிறந்தார் இருவரின் குட்டிக்கு அது 0.25தான். மூஸ் மான்கள் 2019இல் 2,000ஐத் தாண்டி, பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகளை மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன. ஊனுண்ணியின் மரபணுவில் நடந்த மாற்றம் இரையின் எண்ணிக்கை வழியாக மரங்களின் வளர்ச்சிவரை போய்ச் சேர்ந்ததை 2023இல் சாரா ஹோய் குழுவினர் இந்தத் தீவின் தரவுகளைக் கொண்டே காட்டினர்.

எல்லாச் சிறு தொகையும் இப்படி முடிவதில்லை

ஐல் ராயலைப் படித்துவிட்டு, பன்மை குறைந்த எந்தத் தொகையும் சாகப்போகிறது என்று முடிவுகட்டுவது தவறு. கலிஃபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் சான் நிக்கோலஸ் தீவில் வாழும் குள்ளநரிகளின் மரபுத்தொகுதியில் வேறுபாடு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனாலும் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன. சிறிய தொகையாகவே நெடுங்காலம் வாழும்போது, கடும் கேடு செய்யும் வடிவங்கள் அடிக்கடி இரட்டைப் பிரதியாகச் சேர்ந்து வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்த விலங்குகளோடு சேர்ந்து மெல்ல மெல்லக் களையப்பட்டுவிடுகின்றன என்பது இதற்கான விளக்கம். அந்தக் களையெடுப்புக்கு நூற்றுக்கணக்கான தலைமுறைகள் ஆகியிருக்கும். ஐல் ராயல் ஓநாய்களுக்குக் கிடைத்தது பதினைந்து, இருபது தலைமுறைகள்.

மெக்சிகோவின் வாகிட்டா கடற்பன்றி இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியா வளைகுடாவின் மேல்முனையில் மட்டும் வாழும் அதில் இப்போது பத்து அளவே எஞ்சியிருக்கின்றன. அவை செவுள்வலைகளில் சிக்கி மூழ்கிச் சாகின்றன. 2022இல் ராபின்சனும் கைரியாசிஸும் இணைந்து நடத்திய ஆய்வு, இந்த இனத்தின் பன்மை நெடுங்காலமாகவே குறைவு என்றும், வலைச்சாவு முழுதும் நின்றால் அடுத்த 50 ஆண்டுகளில் அற்றுப்போகும் வாய்ப்பு 6 விழுக்காடுதான் என்றும் கணித்தது. வலைச்சாவை 80 விழுக்காடு மட்டும் குறைத்தால் அந்த வாய்ப்பு 62 விழுக்காடாகிறது. மரபணு கெட்டுவிட்டது, இனிக் காப்பாற்றிப் பயனில்லை என்று கைகழுவ நினைப்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

இந்த வேறுபாடு ஒரு நடைமுறைச் சர்ச்சையைக் கிளப்பியிருக்கிறது. பெரிய, பன்மை மிகுந்த தொகையிலிருந்து விலங்குகளைக் கொண்டுவந்தால் ஒளிந்திருக்கும் கெட்ட வடிவங்களும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே நடுத்தர அளவுள்ள, ஓரளவு களையெடுக்கப்பட்ட தொகையிலிருந்து கொண்டுவருவதே நல்லது என்று கைரியாசிஸ், வேய்ன், லோமுல்லர் ஆகியோர் 2021இல் வாதிட்டனர். எம்-93இன் கதை அவர்களுக்குச் சான்று. ரால்ஸ் போன்றோர் இதை ஏற்பதில்லை. உலகெங்கும் செய்யப்பட்ட மரபணு மீட்புகளின் அனுபவம் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்போது, ஓர் அரிய தோல்வியை முன்வைத்துத் தயங்கினால் பல தொகைகள் காத்திருந்தே அழியும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது தரப்பு அதிகம் பொருத்தமாகப் படுகிறது. ஐல் ராயலில் தவறியது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதில் அல்ல; ஒன்றே ஒன்று வந்தது, பின் ஒன்றும் வரவில்லை என்பதில்தான்.

ஃபுளோரிடாவின் பாந்தர்களோடு, அதாவது அங்கே வாழும் பூமாக்களோடு, ஒப்பிட்டால் இது விளங்கும். 1990களின் தொடக்கத்தில் அவை 20 முதல் 30 வரை மட்டுமே எஞ்சியிருந்தன. வால்முனை வளைந்தும், ஆண்களுக்கு விதைகள் இறங்காமலும், இதயச் சுவரில் துளையோடும் குட்டிகள் பிறந்தன. 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவந்து விடப்பட்டன. ஐந்து குட்டி ஈன்றன. தொகை மும்மடங்காயிற்று, மரபணுப் பன்மை இருமடங்காயிற்று, குறைபாடுகள் குறைந்தன என்று 2010இல் வாரன் ஜான்சன் குழுவினர் கணக்கிட்டனர். ஐந்து தாய்களின் மரபணு கலந்ததால் எந்த ஒன்றின் வழியும் முழுத் தொகையையும் மூழ்கடிக்கவில்லை. கொண்டுவந்த பூமாக்களில் எஞ்சியவற்றைப் பின்னர் திரும்ப எடுத்துவிட்டதும் அந்த எண்ணத்தோடுதான். ஆனாலும் ஃபுளோரிடா இன்னும் பிற தொகைகளிலிருந்து துண்டிக்கப்பட்டே இருக்கிறது. அங்கேயும் இது ஒருமுறை செய்து முடித்துவிட்ட வேலை ஆகாது.

மீண்டும் முப்பது

2018இல் நிர்வாகம் முடிவை மாற்றிக்கொண்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் 20 முதல் 30 ஓநாய்களைக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்கள் மினசோட்டா, ஒண்டாரியோ, மிச்சிகன் ஆகிய மூன்று இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன. சில இறந்தன, ஒன்று 2019 ஜனவரி இறுதியில் பனிப்பாலத்தைப் பிடித்துக் கரைக்குப் போய்விட்டது. மற்றவை கூட்டங்களாகி, குட்டிகள் ஈன்று, 2024 கணக்கெடுப்பில் 30 ஓநாய்கள் என்ற அளவுக்கு வந்தன. மூஸ் மான்கள் 2,000க்கு மேலிருந்து 840 அளவுக்கு இறங்கின.

2006இலும் தீவில் 30 ஓநாய்கள்தான் இருந்தன. அந்த முப்பதும் ஒரே ஆணின் வழிவந்தவையாக ஆகிக்கொண்டிருந்தன. இந்த முப்பது பல வழிகளில் வந்தவை. ஆனால் கொண்டுவந்த 19இல் ஒரு பகுதி ஒண்டாரியோவைச் சேர்ந்த மிச்சிபிக்கோட்டன் தீவிலிருந்து பிடிக்கப்பட்டது. 2014இன் அதே குளிர்காலத்தில் பனிமேல் அங்கே போய்ச்சேர்ந்த ஒருசில ஓநாய்களின் குடும்பம் அது. அவை தமக்குள் நெருங்கிய உறவு. அந்த ஒரு குடும்பமே அதிகமாகப் பெருகினால், 19 என்ற எண் காட்டுவதைவிட அடித்தளம் மிகச் சிறியதாகிவிடும். ஆகவே ஆண்டுக் கணக்கெடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது, கொண்டுவந்தவற்றுள் எத்தனை ஓநாய்களின் வழித்தோன்றல்கள் உயிரோடு இருக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதே. இதற்கு எச்சங்களின் டி.என்.ஏ. போதும், ஓநாயைப் பிடிக்கவே வேண்டியதில்லை.

தலைமுறைக்கு ஒரு வெளியாள் வந்து இனப்பெருக்கம் செய்தால் தனித்த தொகையின் பன்மை பெரிதும் காக்கப்படும் என்பது பழைய வழிகாட்டுநெறி. இயற்கையில் வருபவை எல்லாம் இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதால் அதை ஒன்றிலிருந்து பத்து என்று விரிக்க வேண்டும் என 1996இல் மில்ஸும் ஆலன்டார்ஃபும் எழுதினர். ஓநாய்க்குத் தலைமுறை என்பது நான்கு ஆண்டுகள் அளவு. ஏரி உறைவது அரிதாகிவிட்ட நிலையில், அந்த வரவை மனிதர்தான் நடத்த வேண்டும்: நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மூன்று ஓநாய்கள், அந்த ஆண்டின் தலைக்கணக்கு முப்பதாக இருந்தாலும் சரி, பதினைந்தாக இருந்தாலும் சரி. இந்த ஏற்பாட்டை எண்ணிக்கை நன்றாக இருக்கும் காலத்திலேயே எழுதிவைப்பது கடினம். செலவுக்கு ஒப்புதல் தருபவர் முதலில் கேட்பது, இப்போது என்ன அவசரம் என்றுதான். 2006இன் முப்பது ஓநாய்கள் பத்தே ஆண்டுகளில் இரண்டான அட்டவணையை அவர் முன் வைக்கலாம்.